பஞ்சாபுக்கு வெளிநாட்டு அணி, நமக்கு ரயில்வே வேலை... கூடைப்பந்தில் யார் ஜெயித்தார்கள்?

சத்னம் சிங் பமாரா, பல்ப்ரீத் சிங் பிரார், அம்ஜ்யோத் சிங், அம்ரித்பால் சிங், பிரின்ஸ்பால் சிங்.

இந்த ஐந்து பேரில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். கிரிக்கெட் அல்லாத விளையாட்டுகளுக்கு நம் நாட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான். இந்தியாவில் பிறந்து வளர்ந்து, வெளிநாட்டுத் தொழில்முறை கூடைப்பந்து அணிகள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வீரர்கள் இவர்கள். ஆச்சர்யம் என்னவென்றால், ஐந்து பேருமே பஞ்சாப் பக்கம். நான்கு பேர் கிராமத்துப் பையன்கள். அம்ஜ்யோத் மட்டும் பஞ்சாபின் தலைநகரான சண்டிகர்வாசி. வாரணாசியின் விசேஷ் பிருகுவன்ஷியை 2017-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணி அழைத்தது மாதிரி விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் ஒரே மாநிலத்திலிருந்து இத்தனை பேர் என்பது பஞ்சாபுக்கு மட்டும்தான்.

இதைப் படித்ததும் நமக்குக் கொஞ்சம் பொறாமை வரும். வர வேண்டும். ஏனென்றால் கூடைப்பந்து நமக்குப் புதுசு இல்லை. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த விளையாட்டு இது. அதே கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் மெட்ராஸுக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறதே, அதேதான். நூறு வருஷப் பழக்கம் நமக்கு. பிறகு எப்படி பஞ்சாப் முந்தியது?

ஒரு கிராமம், ஒரு மாவு மில், ஏழடிப் பையன்

பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்று ஒரு குட்டி கிராமம். சத்னமின் ஊர். அப்பா பல்பீர் சிங், விவசாயி. கூடவே மாவு மில்லும் நடத்தினார். அவருமே ஏழடிக்கு மேல். சின்ன வயதில் அவரைக் கூடைப்பந்து ஆடச் சொன்னவர்கள் இருந்தார்கள், வீட்டில் விடவில்லை. நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டாமா? மகன் விஷயத்தில் அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று லூதியானாவில் இருக்கும் கூடைப்பந்து அகாடமிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே சத்னமுக்குக் கிடைத்த பயிற்சியாளரின் பெயர் சங்கரன் சுப்ரமணியன். பெயரைக் கேட்டதுமே நம்ம பக்கத்து மனிதர் போலிருக்கே என்று தோன்றுகிறது, இல்லையா? குருநானக் ஸ்டேடியத்தில் பஞ்சாபிப் பையன்களுக்கு வருஷக்கணக்கில் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். 2013-ல் காலமானார். தன் மாணவன் அமெரிக்கா வரை போய்ச் சாதித்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சத்னமின் காலுக்கு நம் ஊர்க் கடைகளில் ஷூவே கிடைக்காது. அந்தக் கஷ்டத்தோடு ஆடிய பையனுக்கு 2010-ல், 14 வயதில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி அகாடமியில் படித்துப் பயிற்சி பெற உதவித்தொகை கிடைத்தது. அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்து வருஷம் கழித்து, 2015 ஜூன் மாதம், என்.பி.ஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் நாள். மொத்தம் 60 இடங்கள். 52-வது இடத்தில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி சத்னமின் பெயரைச் சொன்னது. என்.பி.ஏ-வுக்குத் தேர்வான முதல் இந்தியர்! அப்போது வயது 19, உயரம் 7 அடி 2 அங்குலம்.

மற்றவர்களின் கதையும் கிட்டத்தட்ட இதே வழிதான். முக்த்சர் மாவட்டத்துப் பல்ப்ரீத்தை 2016-ல் என்.பி.ஏ-வின் அடுத்தகட்ட லீகில் லாங் ஐலண்ட் நெட்ஸ் தேர்வு செய்தது. அம்ஜ்யோத் 2017-ல் அதே லீகில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்குப் போனார். அம்ரித்பால் கதைதான் எனக்குப் பிடித்தது. வயல் வேலையும் கபடியுமாக இருந்தவர், 18, 19 வயதில்தான் கூடைப்பந்தையே கையில் எடுத்தார். 2017-ல் சிட்னி கிங்ஸ் அணிக்காக ஆஸ்திரேலிய லீகில் ஆடிக்கொண்டிருந்தார். 'வயசு போயிடுச்சு' என்று சொல்கிறவர்களிடம் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக வந்தவர் பிரின்ஸ்பால், குர்தாஸ்பூர் மாவட்டம். வாலிபால் ஆடப் போனவரைக் கூடைப்பந்துக்குத் திருப்பிவிட்டார்கள். லூதியானா, பிறகு டெல்லி அருகே என்.பி.ஏ நடத்திய அகாடமி, அங்கிருந்து ஆஸ்திரேலியா, 2020-ல் அமெரிக்காவின் ஜி லீக். 2021-ல் கோடைக்கால லீகை வென்ற சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் அவரும் இருந்தார்.

ஆக, பஞ்சாபிகளின் உயரம் மட்டும் காரணம் இல்லை. உயரமான பையன்களைக் கிராமம் கிராமமாகத் தேடிப் பிடித்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, தினமும் இரண்டு வேளை ஆடவைக்க ஒரு இடம் இருந்தது. அதுதான் காரணம்.

அப்புறம் என்ன ஆச்சு?

இந்தப் பகுதியைப் பலரும் சொல்வதில்லை. சத்னம் என்.பி.ஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. இரண்டு சீசன் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற துணை அணியில், பெரும்பாலும் பெஞ்சில். பிறகு இந்தியா திரும்பினார். 2019-ல் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டுத் தடை. இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த வீரர். மற்ற நால்வருக்கும் வெளிநாட்டு ஒப்பந்தம் நிலைத்து நிற்கவில்லை. ஒரு சீசன், இரண்டு சீசன், பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ களத்தில் இன்னும் ஆடவே இல்லை. 2015 ஏப்ரலில் களமிறங்கிய 7 அடி 5 அங்குல சிம் புல்லரின் பெற்றோர் பஞ்சாப் என்றாலும், அவர் பிறந்து வளர்ந்தது கனடாவில்.

சரி, உள்ளூரில் தொழில்முறை லீக் இருக்கிறதா என்றால், 2015-ல் யு.பி.ஏ என்று ஒன்று தொடங்கியது. 'சென்னை ஸ்லாம்' என்று நமக்கும் ஒரு அணி இருந்தது. 2017-க்குப் பிறகு அது நின்றுபோனது.

நம்ம வழி தனி வழி

தமிழ்நாட்டில் கூடைப்பந்து நன்றாக ஆடினால் என்ன கிடைக்கும்? வேலை. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை என்று அணி வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. மாநில அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப், ஆட்டம் நின்ற பிறகும் ஓய்வு வயது வரை நாற்காலி. இதை நம்பித்தான் அப்பா அம்மா பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிறார்கள்.

இந்த வழியின் சிறந்த உதாரணம், சென்னையில் பிறந்த அனிதா பால்துரை. தெற்கு ரயில்வே ஊழியர். 19 வயதில் இந்திய சீனியர் மகளிர் அணியின் கேப்டன். சுமார் 18 ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடினார். யோசித்துப் பாருங்கள், சத்னமின் அமெரிக்கத் தொழில்முறை வாழ்க்கை இரண்டே சீசன்! கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு விளையாட்டை விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கம். அனிதா திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதிப்போட்டி. கஜகஸ்தானை 75-73 என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஆட்டத்தில் இந்தியா வென்று முதல் பிரிவுக்கு முன்னேறியது. கேப்டன், அனிதா. 2021-ல் பத்மஸ்ரீ.

அதே தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்த கேரளத்தின் கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடி, 2011-ல் அமெரிக்காவின் மகளிர் லீக் அணிகளுடைய தேர்வு முகாம் வரை போய் வந்தவர். இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது ரயில்வே இருந்தது.

எனக்கு இதில் இரண்டு பக்கமும் தெரிகிறது. வேலைதான் நம் மாநிலத்தில் கூடைப்பந்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பெண்கள் முப்பது வயதுக்கு மேலும் ஆட முடிகிறது என்றால் அதனால்தான். அதே வேலைதான் '22 வயதில் செட்டில் ஆகிட்டேன், இனி எதுக்கு ரிஸ்க்' என்ற எண்ணத்தையும் கொடுக்கிறது. பஞ்சாப் பையன்களுக்குத் தெரிந்த அந்த வெளிநாட்டுக் கதவை நம் பையன்கள் தட்டிப் பார்த்ததே குறைவு.

திருவண்ணாமலை வீட்டுக் கேள்வி

217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தே வளரும் ஊர் எங்களுடையது. கூடைப்பந்து வளையம் வெறும் 10 அடிதான். ஆனாலும் இங்கே ஒரு பிள்ளை அதை எட்டிப்பிடிப்பது சுலபமில்லை. சிமென்ட் தரையில் விழுந்தால் முழங்கால் போச்சு. தீபத் திருவிழா நேரத்தில் சில மைதானங்கள் வண்டி நிறுத்துமிடம் ஆகிவிடும். எட்டாம் வகுப்பு தாண்டியதும் டியூஷன் வந்துவிடும்.

'பையன் நெட்டையா வளர்றான், இதுல சேர்த்துவிடலாமா?' என்று கேட்கும் அம்மாக்களுக்கு நேரடியாகவே சொல்லிவிடலாம். உயரம் உதவும், ஆனால் அது மட்டுமே தகுதி இல்லை. 5 அடி 3 அங்குலம் மட்டுமே இருந்த மக்ஸி போக்ஸ் என்.பி.ஏ-வில் 14 சீசன் ஆடியிருக்கிறார். அமெரிக்கா போவான் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். இத்தனை பேரை அனுப்பிய பஞ்சாபிலேயே அது கைவிட்டு எண்ணக்கூடிய கணக்கு. காலேஜ் சீட், வேலை, இந்திய அணி... இந்த மூன்றும் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. பெண் குழந்தை என்றால் இன்னும் யோசிக்காமல் சேர்க்கலாம், அனிதாவின் பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது.

லூதியானா மாதிரி தங்கி ஆட நமக்கும் இடம் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் கூடைப்பந்தும் இருக்கிறது. 7, 8, 9, 11-ம் வகுப்பு சேரும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையை ஒட்டி மாவட்ட அளவில் தேர்வு நடக்கும். விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்தில். தேர்வுக்கு முன்னால் காலுக்குச் சரியாகப் பொருந்தும் ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்து, பத்து நாளாவது அதைப் போட்டு ஓடவிடுங்கள். புது ஷூவோடு போய்க் கொப்புளத்தோடு திரும்பும் பிள்ளைகள் அதிகம்.