பால் கொடுக்கும் தாய்க்கு ஊர் கொடுப்பது



தாய்ப்பாலின் சிறப்பைப் பற்றி நம் நாட்டில் எவருக்கும் ஐயம் இல்லை. மேடை ஏறுவோர் எல்லாரும் அதனை அமுதம் என்கின்றனர். சுவர்தோறும் எழுதியும் வைத்திருக்கின்றோம். அங்ஙனமிருந்தும், 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தமிழகத்தைப் பற்றித் தரும் செய்தி சிந்திக்கத் தக்கது. இங்கே 100 பிள்ளைப்பேறுகளில் 99க்கு மேல் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. ஆயினும், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 10க்கு 6 என்ற அளவினரே. முதல் 6 மாதம் தாய்ப்பால் ஒன்றையே உண்ண வேண்டிய குழந்தைகளுள் அவ்வாறு உண்பவர் பாதிக்குச் சற்றே மேற்பட்டவர். தாய்மார்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறி, அறிவுரை வழங்கிவிட்டு அமைந்துவிடுதல் எளிது. அறிவுரை வழங்கியே வாழ்நாளைக் கழித்தவன் நான். அது எதுவரை செல்லும் என்பதை ஓரளவு அறிவேன்.

அறியாமை அறவே இல்லை என்று சொல்லவில்லை. பசு கன்று ஈன்றால், கன்றுக்குச் சீம்பாலை ஊட்டிவிடவேண்டும் என்பதைக் குடியானவர் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே வீட்டில் பேரன் பிறந்தால், தாயின் மஞ்சள் நிறமான முதற்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்னும் முற்றும் மறையவில்லை. நோயை எதிர்க்கும் ஆற்றல் செறிந்த பால் அது. அளவில் சில கரண்டியே எனினும் குழந்தைக்கு அதுவே போதும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சோற்றையும் தண்ணீரையும் குறைப்பதும் இத்தகையதே. பாலூட்டும் தாய் வழக்கத்தினும் மிகுதியாக உண்ணவேண்டியவள்.

இவை பாட்டிமாரிடம் எடுத்துச் சொன்னால் திருந்தக்கூடியவை. சொல்லால் திருந்தாத தடை ஒன்று உண்டு. குழந்தை சுவைக்கச் சுவைக்கவே பால் ஊறும். சுவைப்பது குறைந்தால் ஊறுவதும் குறையும். காலையில் களையெடுக்கப் போனவள் மாலையில்தான் திரும்புகிறாள் என்றால், அவளுக்குப் பால் வற்றுவது அவள் குற்றமா? பிறகு டப்பாப் பால் வருகிறது. அதன் விலைக்கு அஞ்சித் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். புட்டி சரியாகக் கொதிநீர் காண்பதில்லை. வயிற்றுப்போக்கு வந்து சேர்கிறது. தாய்ப்பால் விலையில்லாப் பொருள் என்கிறோம். பாலுக்கு விலை இல்லைதான். தாயின் நேரத்திற்கு விலை உண்டு. அவ்விலையை அவள் ஒருத்தியே கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்பது எந்த நியாயம்?

ஊரும் அரசும் அதனைப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று இருக்கிறது. 1980ஆம் ஆண்டில், உலக வங்கியின் கடனுதவியோடு, மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தனர். எடை ஏறாத குழந்தையைக் கண்டால், அது நோயாகிப் படுக்கும்வரை காத்திராமல், 90 நாட்களுக்குக் கூடுதல் உணவு அளித்தனர். எடை ஏறியபின் நிறுத்தினர். கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் உணவு உண்டு. எல்லாருக்கும் எப்பொழுதும் அள்ளிக் கொடுப்பதைவிட இது செட்டானது. சுருங்கிய முகத்தோடு பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு, அப்பிள்ளையின் குறை 5 வயதில் தொடங்கியதன்று என்பது தெரியும்.

நான் பெரிதும் வியப்பது அத்திட்டம் ஊழியரைத் தேர்ந்த முறையை. அவள் அவ்வூரிலேயே வாழ்பவளாக இருக்கவேண்டும். ஏழைக் குடும்பத்தவளாயினும் தன் குழந்தையைக் கொழுகொழுவென வளர்த்தவளாக இருப்பின் சிறப்பு. பட்டம் பெற்ற வெளியூரார் வந்து, ‘முட்டை கொடு, கீரை கொடு’ என்றால், ‘உங்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவீர்கள்’ என்று விடை வரும். அடுத்த தெருக்காரி, அதே கூலி வாங்குபவள், தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னால் என்ன விடை கூற முடியும்? ஆசிரியப் பயிற்சியில் மாதிரிப் பாடம் என்று நாங்கள் படித்ததெல்லாம் இதன்முன் சிறிது. பெண்கள் குழுக்களும் அப்பணியில் தோள்கொடுத்தன. அங்கே கடுமையான ஊட்டக்குறைவு கண்கூடாகக் குறைந்தது. பின்னர் அப்பணி, 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தோடு இணைந்தது. நாம் பால்வாடி என்று அழைத்துப் பழகிய அங்கன்வாடிகளே இன்று அதன் வாயில்கள்.

அரசு தன் பங்கிற்குச் சட்டங்களும் செய்திருக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் டப்பாப் பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. டப்பாவின்மேல் கொழுத்த குழந்தையின் படம் போடவும் இயலாது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகப்பேற்று விடுப்பு, முதல் இரு குழந்தைகளுக்கு, 26 வாரமாயிற்று. 2015இல் தமிழகத்துப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பூட்டிக் கிடந்தால் சாவி எவரிடம் என்று கேட்பவர் ஊரார்தாம். வயற்கூலிக்காரிக்கோ 26 வார விடுப்பு எட்டாக் கனி. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமே அவளுக்கு வாய்த்தது. அப்பணம் உரிய தவணையில் கைக்கு வந்தாலன்றோ அவள் சில வாரமாவது வீட்டில் இருக்க முடியும்?

பிறகு அவள் வேலைக்குப் போகத்தான் வேண்டும். பீய்ச்சி மூடிவைத்த பால் நிழலான இடத்தில் 4 மணி நேரம் கெடாதிருக்கும். அதைக் கொதிநீரில் கழுவிய பாலாடையால் ஊட்டப் பாட்டிக்குத் தெரிந்தால் புட்டிக்கு வீட்டில் இடமில்லை. 6 மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு குழைந்த பருப்புச் சோறும், கேழ்வரகுக் கூழும், அங்கன்வாடியின் சத்துமாவும் கொடுக்கலாம். கஞ்சித் தண்ணீர் வேண்டா. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதம் இருக்கட்டும். தாய்ப்பால் 2 வயது வரையிலும் அதன் பின்னும் தொடரலாம்.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது: வேலைத்தளத்திற்கு 6 வயதுக்குட்பட்ட 5 குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தவேண்டும் என்பது. ஏரிக்கரை மரத்தடியில் ஒருத்தி இருந்தால் போதும்; தாய் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து பாலூட்டித் திரும்பலாம். எழுதியது அரசு, கேட்டுப் பெறவேண்டியது ஊர்.

உலகத் தாய்ப்பால் வாரம் ஆகஸ்டு 1 முதல் 7 வரை. அடுத்த வாரமே, 15ஆம் நாள், நம் ஊர்களில் கிராமசபை கூடுகிறது. தெருவிளக்கும் சாக்கடையும் பேசிமுடித்த பின், யாரேனும் எழுந்து மூன்று கேள்விகள் கேட்கலாம்: நம் அங்கன்வாடித் தராசு பழுதின்றி இருக்கிறதா? சென்ற மாதம் எடை ஏறாத குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களின் தாய்மார் பகற்பொழுதில் எங்கே இருக்கிறார்கள்?