நெம்புகோல் எசுப்பிரெசோ கருவி

நெம்புகோல் எசுப்பிரெசோ கருவி என்பது மின் எக்கியின் துணையின்றி, கைவிசையால் வெந்நீரைக் காப்பிப் பொடியினூடாக அழுத்திச் செலுத்தி எசுப்பிரெசோ வடிக்கும் கருவி ஆகும். இதன் பாகங்கள் குறைவு. எனவே வீட்டிலேயே பழுது பார்த்து நீண்டகாலம் பயன்படுத்த இயலும். எனினும் பயன்படுத்துவோர் பழுது எனக் கருதும் பல சிக்கல்கள் உண்மையில் கருவியில் இருப்பவை அல்ல. பொடியின் அரைவையிலும் நீரின் வெப்பநிலையிலும் தோன்றுபவை. கருவியைக் கழற்றுவதற்கு முன் குறை எங்கு உள்ளது எனப் பிரித்தறிவதே பராமரிப்பின் முதற்படி ஆகும்.

வரலாறு

தொடக்ககால எசுப்பிரெசோ இயந்திரங்கள் நீராவியின் அழுத்தத்தை மட்டுமே நம்பியிருந்தன. இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஆஞ்செலோ மோரியோந்தோ 1884 இல் இத்தகைய இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மிலான் நகரின் லூயிஜி பெசேரா 1901 இல் இதனை மேம்படுத்தினார். இவற்றில் கிடைத்த அழுத்தம் ஏறத்தாழ 1.5 பார் மட்டுமே. அழுத்தத்தைக் கூட்ட நீராவியின் வெப்பநிலையையும் கூட்ட வேண்டியிருந்ததால் காப்பி கருகிய சுவை பெற்றது.

மிலானைச் சேர்ந்த அக்கீலே காஜா 1938 இல் நீராவிக்கு மாற்றான முறை ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அவர் உருவாக்கிய வில்சுருள் நெம்புகோல் இயந்திரம், அழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தது. எசுப்பிரெசோவின் மேல் படியும் 'கிரெமா' என்னும் பொன்னிற நுரை இவ்வுயர் அழுத்தத்தாலேயே பரவலாகக் கிடைத்தது. 1961 இல் ஃபேமா நிறுவனத்தின் ஈ61 இயந்திரம் மின் எக்கியைப் பயன்படுத்தியது. அதன் பின்னர் கடைகளில் நெம்புகோல் குறைந்தாலும், லா பவோனி நிறுவனத்தின் யூரோபிக்கோலா போன்ற வீட்டுக் கருவிகளில் அது நிலைத்தது.

வகைகள்

* கொதிகலன் உள்ளவை: நீர் கருவியினுள்ளேயே சூடேறும். யூரோபிக்கோலா இவ்வகையைச் சேர்ந்தது.
* கொதிகலன் இல்லாதவை: வெந்நீரைத் தனியே காய்ச்சி ஊற்ற வேண்டும். பிளேர், கேஃபிலாட் ரோபாட் ஆகியன இவ்வகையின.

நெம்புகோலின் செயலைக் கொண்டு, கை நேரடியாக அழுத்துபவை, கை வில்சுருளை இறுக்கிப் பின் அச்சுருள் அழுத்துபவை எனவும் பிரிக்கலாம்.

இயங்கும் முறை

உருளை வடிவ அறையில் பிஸ்டன் எனப்படும் உந்துதண்டு அமைந்துள்ளது. அதனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் நீர் மேலே கசியாமல் தடுக்கின்றன. அறையின் அடியில் சல்லடைத் தகடும், அதன் கீழ் பொடியிட்ட வடிகட்டிக் கிண்ணமும் உள்ளன. கிண்ணத்தில் அமுக்கப்பட்ட பொடி வில்லை போல் இறுகி நீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது.

எசுப்பிரெசோவுக்கு வழக்கமான அழுத்தம் 9 பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோகிராம் எடை. உந்துதண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர் எனில் அதன் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். எனவே தேவைப்படும் விசை ஏறத்தாழ 180 கிலோகிராம் எடைக்குச் சமம். நெம்புகோல் விசையைப் பத்து மடங்காக்கினால் கை 18 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைக் கொடுத்தால் போதும்.

இங்குக் கருத வேண்டியது ஒன்று உண்டு. கை விசையை மட்டுமே தருகிறது; அவ்விசையை எதிர்க்கும் காப்பி வில்லை இல்லையெனில் அழுத்தம் தோன்றாது. ஆகவே 'நெம்புகோலில் அழுத்தம் இல்லை' என்னும் குறைக்குக் கருவியைவிடப் பொடியே பெரும்பாலும் காரணமாகிறது.

குறையைப் பிரித்தறிதல்

நேரடி நெம்புகோல் கருவிகளில் பின்வரும் இரு சோதனைகளைச் செய்யலாம். வில்சுருள் வகையில் முதற் சோதனையைத் தவிர்க்க வேண்டும். எதிர்ப்பு இல்லாதபோது நெம்புகோல் விசையுடன் மேலெழும்.

வெறுநீர்ச் சோதனை: பொடி இடாமல் வெந்நீரை மட்டும் செலுத்த வேண்டும். நெம்புகோல் இலகுவாக இறங்கி, சல்லடையின் எல்லாப் பக்கத்திலும் நீர் சீராக விழுந்தால் நீர் வழியில் அடைப்பு இல்லை. நெம்புகோல் கடினமாக இறங்கினால் சல்லடை அடைபட்டிருக்கலாம், அல்லது வளையங்கள் உலர்ந்திருக்கலாம்.

கசிவுச் சோதனை: பொடியிட்டு, நெம்புகோலைச் சீரான விசையுடன் அழுத்தியவாறு வைத்திருக்க வேண்டும். கோப்பையில் சில துளிகளே விழ, நெம்புகோல் மட்டும் விரைந்து இறங்கினால் நீர் வேறு வழியில் வெளியேறுகிறது. உந்துதண்டின் மேற்புறம் நீர் காணப்பட்டால் அதன் வளையங்களும், கிண்ணத்தின் விளிம்பில் ஒழுகினால் அங்குள்ள கேஸ்கட்டும் தேய்ந்துள்ளன.

இரு சோதனைகளிலும் குறை தென்படாவிடில், திருத்த வேண்டியது காப்பி தயாரிக்கும் முறையையே.

பொதுவான சிக்கல்களும் தீர்வுகளும்

ஒப்பீட்டுக்கு இத்தாலிய மரபின் அளவுகளைக் கொள்ளலாம்: 7 கிராம் பொடி, 25 மில்லிலிட்டர் காப்பி, 25 நொடி. வீட்டுக் கருவிகள் பலவற்றில் 14 முதல் 18 கிராம் பொடி இட்டு, அதன் இருமடங்கு எடையில் காப்பி வடிப்பதும் வழக்கம்.

விரைந்து வடிதல், புளிப்புச் சுவை: பொடி கொரகொரப்பாக உள்ளது அல்லது குறைவாக உள்ளது. அரைப்பானைச் சிறிது நுண்மையாக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் நலம். அரைவை, அளவு, வெப்பநிலை மூன்றையும் ஒருங்கே மாற்றினால் எது பயனளித்தது என்பது தெரியாது.

நெம்புகோல் இறங்க மறுத்தல், கசப்பு: பொடி மிக நுண்மையாக உள்ளது. உடல் எடையைப் போட்டு அழுத்தக் கூடாது. நெம்புகோலின் இணைப்பு ஊசிகளும் தாங்கும் சட்டமும் வளையக்கூடும்.

நூலிழை போல் பீய்ச்சுதல்: பொடி கிண்ணத்தில் சீராகப் பரவவில்லை. நீர் எதிர்ப்புக் குறைந்த வழியையே நாடும் என்பதால், ஓரிடத்தில் பொடி மிகையாகக் கரைந்து மற்ற இடத்தில் குறைவாகக் கரையும். மெல்லிய கம்பியால் பொடியின் கட்டிகளை உடைத்துச் சமன்செய்து, நேராக அமுக்கினால் இது குறையும்.

நுரை இல்லாமை: வறுத்த கொட்டையில் அடங்கியுள்ள கார்பனீராக்சைடே நுரைக்கு அடிப்படை. பொடித்துப் பல நாள் ஆன காப்பியில் இவ்வளிமம் வெளியேறிவிடுகிறது. கருவியைப் பழுது பார்ப்பதால் நுரை வராது.

காப்பி ஆறியிருத்தல்: கொதிகலன் இல்லாத கருவிகளில் இது மிகுதி. 95 பாகை செல்சியசில் உள்ள 60 கிராம் நீரை, 25 பாகையில் உள்ள 300 கிராம் எஃகு அறையில் ஊற்றினால், இரண்டும் சமநிலை அடையும்போது வெப்பநிலை ஏறத்தாழ 69 பாகையாக வீழும். எனவே அறையை வெந்நீரிலோ நீராவியிலோ முன்னரே சூடேற்ற வேண்டும்.

அழுத்தமானி காட்டியும் நீர் சூடாகாமை: கொதிகலனில் சிக்கிய காற்று விரிவடைந்து அழுத்தத்தைக் கூட்டுவதால் இது நிகழ்கிறது. தூய நீராவி 0.8 பார் எனக் காட்டினால் நீர் ஏறத்தாழ 117 பாகையில் இருக்கும். காற்று கலந்திருப்பின் அதனினும் குறைவாகவே இருக்கும். நீராவிக் குழாயைச் சில நொடிகள் திறந்து காற்றை வெளியேற்றி, அழுத்தம் மீண்டும் ஏறும் வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாம், நான்காம் கோப்பை கருகிச் சுவைத்தல்: கொதிகலனை ஒட்டியுள்ள உலோகத் தலைப்பகுதி மிகையாகச் சூடேறியுள்ளது. கருவியை அணைத்து ஆறவிடுதலே தீர்வு.

பராமரிப்பு

ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்னும் சக்கையை அகற்றிக் கிண்ணத்தையும் சல்லடையையும் வெந்நீரில் கழுவ வேண்டும். விளிம்பில் ஒட்டும் சில துகள்களே கேஸ்கட்டை அரித்துக் கசிவை உண்டாக்கும். காப்பியின் எண்ணெய் நாட்பட்டால் சிக்குவாடை தரும். வாரம் ஒருமுறை சல்லடையைக் கழற்றிச் சலவைத்தூள் கலந்த நீரில் ஊறவைத்து நன்கு அலச வேண்டும்.

குக்கர் கேஸ்கட்டைப் போன்றே இவ்வளையங்களும் வெப்பத்தால் நாளடைவில் இறுகி வெடிக்கும். உந்துதண்டு வளையங்களுக்கு உணவுத்தரச் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசலாம். சமையல் எண்ணெய் பிசுக்காகிவிடும். பெட்ரோலியக் களிம்பு ஈபிடிஎம் வகை ரப்பரை உப்பச் செய்யும். சிலிக்கோன் ரப்பராலான வளையங்களுக்குச் சிலிக்கோன் கிரீஸும் ஏற்றதன்று. ஆகவே வளையம் எதனாலானது என்பதைக் கையேட்டில் பார்த்த பின்னரே பூச வேண்டும்.

கடினநீரைப் பயன்படுத்தினால் கொதிகலனில் கால்சியம் கார்பனேட்டு படிந்து, வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீர் இப்படிவைக் கரைக்கும். பின்னர் இரண்டு, மூன்று முறை தூய நீரால் அலச வேண்டும். அலுமினியப் பாகங்களை அமிலத்தில் ஊறவைக்கக் கூடாது. கொதிகலன் இல்லாத கருவிகளில் இப்படிவு பெரும்பாலும் நீர் காய்ச்சும் கெண்டியிலேயே தங்கிவிடும்.

பாதுகாப்பு

* கொதிகலனில் அழுத்தம் இருக்கும்போது அதன் மூடியைத் திறக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, நீராவி முழுவதையும் வெளியேற்றிய பின்னரே திறக்க வேண்டும்.
* நெம்புகோல் பாதியில் நின்றுவிட்டால் வடிகட்டியை உடனே கழற்றக் கூடாது. உள்ளே அடங்கிய வெந்நீரும் பொடியும் முகத்தில் தெறிக்கும். சில நிமிடம் காத்திருந்து, அழுத்தம் தணிந்த பின் மெல்லத் தளர்த்த வேண்டும்.
* வில்சுருள் நெம்புகோலைக் கீழே இழுத்த பின், காப்பி வில்லையின் எதிர்ப்பு உணரப்படும் வரை கையை எடுக்கக் கூடாது. முகத்தை நெம்புகோலின் பாதையில் வைக்கவும் கூடாது.
* பாதுகாப்பு வால்வைக் கட்டியோ அடைத்தோ கசிவை நிறுத்த முயலக் கூடாது. கசியும் வால்வை மாற்றும் வரை கருவியைச் சூடேற்றுவது ஆபத்தானது.