பச்சை விளக்கு நாடி பார்க்குமா?

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடித்தவுடன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் இப்போது அதிகம். மணி பார்க்க அல்ல, நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று பார்க்க. அந்தக் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை விளக்கு மின்னும்.

இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் சுருங்கும்போதெல்லாம் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய நாளங்களில் இரத்தம் சற்றுக் கூடுகிறது. திரும்பி வரும் ஒளி அந்த அளவுக்குக் குறைகிறது. விளக்கின் அருகில் இருக்கும் ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தை அலையாகப் பதிவு செய்கிறது. இரண்டு முகடுகளுக்கு நடுவே 0.8 வினாடி என்றால், 60ஐ 0.8ஆல் வகுங்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் கொஞ்சம் விரைவாகவும், வெளிவிடும்போது மெதுவாகவும் துடிக்கும். அதனால் ஒரே ஓர் இடைவெளியை நம்பாமல் பல இடைவெளிகளின் சராசரியைத்தான் கடிகாரம் காட்டும்.

ஏமாறும் இடமும் உண்டு. கடிகாரம் தளர்வாக இருந்து, நீங்கள் நிமிடத்துக்கு 110 அடி வைத்து நடந்தால், சில வேளைகளில் அது காலடியையே நாடி என்று எண்ணி 110 காட்டிவிடும். சந்தேகம் வந்தால் நின்று, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 வினாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். என் மாணவர்களுக்குக் கடிகாரத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது!

2021இல் கோவிட்-19 கிள்ளான் பள்ளத்தாக்கை உலுக்கியபோது பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த ஆக்சிமீட்டரும் இதே குடும்பம்தான். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களில் கண்ட வழி அது. விரலுக்குள் சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளைச் செலுத்தி, இரண்டின் அலைகளையும் ஒப்பிட்டு, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று கணிக்கிறது. நாடி எண்ணையும் சேர்த்தே காட்டும்.

இந்த இரண்டு எண்களும் ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல. கருத்த தோலில் கூடுதலாக உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும். அதனால் அலை சிறுக்கலாம். ஆனால் முகடுகளுக்கு இடையிலான நேரம் மாறாது. அலை அறவே மங்கிப்போனால் தவிர, நாடி எண் தப்பித்துக்கொள்ளும். ஆக்சிஜன் கணக்கோ அலைகளின் அளவையே நம்பியிருக்கிறது. 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு.

அது நம்மவரை வைத்து நடந்த ஆய்வல்ல. ஆனாலும் மெலனின் நம் தோலிலும் உண்டு. வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால், கருவி 95 காட்டினாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.