மறிக்குட்டிக்கு வேண்டிய புரதம்

பால் மறந்த மறிக்குட்டி வளர்ந்தால் மட்டும் போதாது; அடுத்த வருடம் குட்டி சுமக்கும் இடுப்பையும் பால் சுரக்கும் மடியையும் இப்போதே கட்டத் தொடங்க வேண்டும். பால் மறந்த புதிதில் அதன் உலர்தீவனத்தில் சுமார் 16 சதவீதமும், ஆறு மாதம் கடந்தபின் 12 முதல் 14 சதவீதமும் புரதம் இருப்பது நல்லது. 15 கிலோ எடையுள்ள குட்டி நாளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான உலர்தீவனம் தின்னும். புரதமாகக் கணக்கிட்டால் 70 கிராம் அளவில் வரும்.

இந்தப் புரதத்தில் பெரும்பகுதி நேரே ஆட்டுக்குப் போவதில்லை என்பதுதான் வியப்பு. முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாகச் சிதைத்து, அதைக்கொண்டு தம் உடலைக் கட்டுகின்றன. பின்னர் அந்த நுண்ணுயிர்களே நான்காம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரித்து ஆட்டின் தசையாகின்றன. மிஞ்சும் அமோனியாவை ஈரல் யூரியாவாக்குகிறது. அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாக மறுபடி இரைப்பைக்கே வருகிறது. அசைபோடாத விலங்குகள் பெரும்பாலும் சிறுநீரில் கழித்துவிடும் பொருளில் ஒரு பங்கை ஆடு மீட்டெடுத்துப் புரதமாக்குகிறது. ஆனால் தீவனப் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். தின்ற நார் செரிக்காமல் தேங்கும். வயிறு நிறைந்திருந்தும் குட்டி மெலியும்.

கொழும்பின் கொட்டாஞ்சேனை போன்ற நெரிசலான இடங்களில் வளரும் ஆட்டுக்கு இந்த ஆபத்து அதிகம். அங்கே அது தின்னும் சுவரொட்டித் தாள் வெறும் நார். அதில் புரதமே இல்லை எனலாம். மிச்சச் சோற்றை அள்ளிப் போடுவது அன்பினால்தான் என்றாலும் கெடுதலே: அதில் புரதம் குறைவு, வயிற்றில் விரைவாகப் புளித்து அமிலமாகும். பலாக்குழை அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் புரதத்தில் ஒரு பகுதியைக் கட்டிப்போடும்.

வேலியோரத்துச் சீமைக்கிளுவை, அதாவது கிளிரிசிடியா, காசில்லாமல் கிடைக்கும் புரதம். ஒரு கிலோ பச்சைக் குழையில் சுமார் 50 கிராம் உண்டு; 100 கிராம் தேங்காய்ப் புண்ணாக்கு இன்னும் 20 கிராம் தரும். பழகாத குட்டி அந்த மணத்துக்கு முகம் திருப்பும். குழையை வாடவைத்து, புல்லோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தால் சில நாளில் பழகிவிடும்.

இப்படி வளர்ந்த மறியைக் கிடாயுடன் சேர்க்க வயதைவிட எடையே கணக்கு: அதன் இனத்து முதிர்ந்த ஆட்டின் எடையில் 60 முதல் 65 சதவீதத்தை அது எட்டியிருக்க வேண்டும்.