வெள்ளிக்கிழமை மாலையும் ஒரு பிடி அரிசியும்

வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரம். சென்னை நங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் உள்ள அந்த வீட்டில் தொலைக்காட்சி அணைகிறது. கைப்பேசிகள் யாவும் அலமாரிக்குள் செல்கின்றன. கூடத்தில் ஜமக்காளம் விரிக்கப்படுகிறது. ஒன்பது வயதுப் பேரன் குத்துவிளக்கின் ஐந்து முகங்களுக்கும் திரி போடுகிறான். ஆறு வயதுப் பேத்தி எண்ணெய்க் கிண்ணத்தை இரு கைகளாலும் பற்றியபடி நிற்கிறாள். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், குழந்தைகள் இருவர் என ஆறு பேரும் விளக்கின் முன் அமர்கின்றனர். முக்கால் மணி நேரம், அதற்குமேல் நீட்டுவதில்லை.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. தொடக்கத்தில் தாத்தா தமது பாராயணம் முழுவதையும் அந்த மாலையிலேயே செய்து வந்தார். விஷ்ணு சஹஸ்ரநாமம், லலிதா சஹஸ்ரநாமம், கந்த சஷ்டி கவசம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். மூன்றாவது வாரம் பேரனுக்கு வயிற்றுவலி வந்தது. நான்காவது வாரம் முடியாத வீட்டுப்பாடம் வந்தது. “வெள்ளிக்கிழமைன்னாலே குழந்தைங்க முகம் வாடிப் போகுது, மாமா” என்று மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தாத்தாவுக்கு வருத்தந்தான். ஆயினும் அதிலிருந்த நியாயத்தைப் பாட்டி உணர்ந்துகொண்டார். பெரியவர்களின் பாராயணம் விடியற்காலைக்கு மாறிற்று. மாலை நேரம் குழந்தைகளுக்கு உரியதாயிற்று.

பாட்டு, கதை, கேள்வி

இப்போது அங்கே நடப்பது மிக எளிமையானது. விளக்கேற்றியதும் விநாயகர் துதி. அடுத்து, எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய ஒரு தேவாரப் பாடல். புதிய பாடலாயின் வாரத்துக்கு இரண்டே வரிகள். பிறகு ஒளவையாரின் ஆத்திசூடியிலிருந்து ஒரு வரி. அந்நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் உள்ளன. வாரம் ஒன்று என வைத்துக்கொண்டாலே இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.

அதன்பின் கதை. சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்திலிருந்து தாத்தா ஒரு நாயன்மாரைத் தேர்ந்தெடுப்பார். அறுபத்து மூவரில் சிலருடைய வரலாறு இளங்குழந்தைகள் தாங்க இயலாத அளவுக்குக் கடுமையானது. அவற்றை அவர்கள் வளர்ந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என ஒதுக்கி வைத்திருக்கிறார். திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய வரலாறும், திங்களூர் அப்பூதி அடிகள் தம் மக்களுக்கெல்லாம் திருநாவுக்கரசு என்றே பெயரிட்ட செய்தியும் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தவை.

கதை முடிந்ததும், “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று தாத்தா தேர்வு வைப்பதில்லை. கேள்வி கேட்கும் உரிமை குழந்தைகளுக்கு மட்டுமே. கடைசியாகக் கற்பூர ஆரத்தி, சுண்டல்.

அடுக்களையில் ஒரு தானப் பானை

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. காஞ்சி மகா பெரியவர் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டத்தை மூத்த அன்பர்கள் பலர் அறிவர். நாள்தோறும் உலை வைக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அவ்வாறு சேரும் அரிசியை வாங்கிச் சமைத்து, ஆலயத்தில் நிவேதனம் செய்து, ஏழைகளுக்கு அன்னமாக அளிக்க வேண்டும். ஒரு பிடி என்பது சுமார் ஐம்பது கிராம். நாளொன்றுக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஓராண்டில் அதுவே 18 கிலோவுக்கு மேல் ஆகிறது. நூறு குடும்பங்கள் சேர்ந்தால் 1,800 கிலோவைத் தாண்டிவிடும்.

நங்கநல்லூர் வீட்டில் தினமும் காலையில் பாட்டி அரிசியை எடுத்துத் தர, பேத்தி தன் சிறு கையால் அதைப் பானையில் இடுவாள். பானை நிறைந்ததும் அரிசி அருகிலுள்ள கோயிலின் அன்னதானத்துக்குச் செல்லும்.

ஒரு வெள்ளிக்கிழமை தாத்தா இளையான்குடி மாறனாரின் வரலாற்றைச் சொன்னார். செல்வமெல்லாம் கரைந்து வறுமையுற்ற நிலை. மழை கொட்டும் இரவு. வாசலில் பசியோடு ஓர் அடியார். வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை, இருளில் கூடையுடன் சென்று வாரி வந்தார் நாயனார். அடுப்பெரிக்க விறகு இல்லாமையால் வீட்டுக் கூரையின் வரிச்சுகளையே வெட்டித் தந்தார். அவருடைய துணைவியார் அந்நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கினார். முற்றாத பயிரைப் பறித்து வந்து கறியும் ஆயிற்று. அமுது செய்ய எழுப்பியபோது அடியார் மறைந்தார், சிவபெருமான் காட்சியளித்தார்.

கதை முடிந்தது. பேத்தி நெடுநேரம் யோசித்தாள்.

“பாட்டி, நாயனார் வீட்டுல வேற அரிசியே இல்லையா?”

“இல்லடா கண்ணு. அந்த விதைநெல்தான்.”

“நம்ம வீட்டுல வேற அரிசி இருக்கே. அப்புறம் ஏன் சாமிக்கு வண்டு அரிசி போடறோம்?”

கூடத்தில் ஓசை அடங்கிற்று. நடந்தது இதுதான்: அந்த மாதம் புதிய மூட்டை பிரித்தாயிற்று. பழைய மூட்டையின் அடியில் வண்டு விழுந்த அரிசி கொஞ்சம் தங்கியிருந்தது. அதை வீணாக்க மனமில்லாமல், பாட்டி தானப் பானைக்கு அதிலிருந்தே எடுத்துத் தந்து வந்தார். பெரியவர்கள் எவரும் அதைக் கவனிக்கவில்லை. தினமும் அரிசியைக் கையில் வாங்கும் குழந்தை கவனித்திருக்கிறாள்.

“பெரியவங்கள அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று மருமகள் அதட்டினாள்.

“கேட்கட்டும்மா. குழந்தை சரியாத்தான் கேட்டிருக்கா. தப்பு என்னோடது” என்றார் பாட்டி.

எழுந்து சென்று பானையைக் கொண்டுவந்தார். அதிலிருந்த அரிசி முழுவதையும் முறத்தில் கொட்டினார். அதே அளவு புதிய அரிசியை அளந்து பானையில் இட்டார். பழைய அரிசி புடைத்துக் களையப்பட்டு, மறுநாள் வீட்டிலேயே அடைக்கு ஊறிற்று. அன்று ஆறு பேரும் அந்த அடையைத்தான் உண்டனர்.

குழந்தைகள் காண்பது எதை?

காந்தியடிகள் தம் ‘சத்திய சோதனை’யில் இளமைக் கால நினைவுகள் இரண்டைக் குறிப்பிடுகிறார். அவருடைய தந்தையார் போர்பந்தரில் நோயுற்றிருந்த நாட்களில், மாலைதோறும் லாதா மகராஜ் என்னும் பக்தர் வந்து துளசிதாசரின் இராமாயணத்தைப் படிப்பார். பதின்மூன்று வயதுச் சிறுவர் அதில் உள்ளம் பறிகொடுத்தார். மற்றொன்று, அவருடைய அன்னையார் புத்லிபாய் ஒரு சாதுர்மாஸ்ய காலத்தில் மேற்கொண்ட விரதம். சூரியனைக் காணாமல் உண்பதில்லை என்பது அது. மழைக்கால வானத்தில் சூரியன் தென்பட்டதும் குழந்தைகள் ஓடிச் சென்று கூவுவர். அன்னை வெளியே வருவதற்குள் சூரியன் மேகத்துள் மறைந்துவிடும். இன்று நாம் உண்பது இறைவனுக்கு விருப்பமில்லை போலும் என மலர்ந்த முகத்துடன் அவர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

இராமாயணம் செவி வழியே சென்றது. வாக்குத் தவறாமை கண் வழியே சென்றது. இரண்டும் ஒத்திருந்தமையால் அவை நெஞ்சில் தங்கின. சொல் ஒன்றும் செயல் வேறொன்றுமாக இருப்பின், குழந்தை செயலையே பின்பற்றும்.

ஆகவே, வாரம் ஒரு மாலையைக் குழந்தைகளுக்கென ஒதுக்க விரும்பும் பெரியோர் சிலவற்றை மனங்கொள்ளுதல் நலம். நேரம் குறைவாக இருக்கட்டும். கிழமை தவற வேண்டாம். “சாமி கண்ணைக் குத்தும்” என்னும் மிரட்டல் வேண்டாம். அச்சத்தில் தொடங்கும் பக்தி, அச்சம் நீங்கியதும் நீங்கிவிடும். திரி போடுதல், மணி அடித்தல், பிரசாதம் வழங்குதல் முதலிய பணிகளைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம். எண்ணெய் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் அயல்நாட்டில் இருப்பின், காணொளி அழைப்பில் ஒரு கதையேனும் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை நம் குறையைச் சுட்டும் நாள் வந்தால், அதை ஒப்புக்கொள்ளும் துணிவு வேண்டும். உண்மை பேசுதலைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த தருணம் வாய்ப்பது அரிது.

இப்போது அந்த வீட்டில் புதிய மூட்டை பிரிக்கும் நாளில், முதல் பிடி தானப் பானைக்குத்தான் செல்கிறது. அதை இடுபவள் பேத்தி. அவளை மறவாமல் அழைப்பவர் பாட்டி.