எம்.பி.எச். படிப்பு: சம்பளம் தேறுமா, கடன் தீருமா?

கொரோனா பரவிய 2020-ம் ஆண்டிலிருந்து ‘பொது சுகாதாரம்’ என்ற சொல் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பி.எஸ்சி., நர்சிங், பல் மருத்துவம் முடித்த பிள்ளைகள், “எம்.பி.எச். படிக்கட்டுமா அப்பா?” என்று கேட்கிறார்கள். அப்பாவின் கேள்வி வேறு: “படித்தால் என்ன சம்பளம் வரும்? வாங்கிய கடன் அடையுமா?” இரண்டும் நியாயமான கேள்விகளே.

இந்தப் படிப்புக்கு பெங்களூர் பொருத்தமான ஊர் என்பதில் ஐயமில்லை. 1898-ல் பிளேக் நோய் இந்நகரை உலுக்கியது. நெரிசலான பேட்டைகளை விட்டு மக்கள் வெளியேற, பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தன. தேசிய காசநோய் நிலையம் 1959-ல் இங்கேதான் அமைந்தது. இன்று நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும், ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் கீழும் எம்.பி.எச். படிக்கலாம். வெளியூர் போகத் தயாரானால் வேலூர் சி.எம்.சி., சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிலையம், 1997-லேயே இப்படிப்பைத் தொடங்கிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவையும் உண்டு.

யார் படிக்கிறார்கள்?

பட்டம் ஒன்றே ஆனாலும் அதன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு இது இன்னொரு படி. மாவட்ட சுகாதார அதிகாரி போன்ற பதவிகள் டாக்டர்களுக்கே உரியவை. நர்சுக்கும் பல் மருத்துவருக்கும் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. இந்த வழி சரிப்படாவிட்டால் அங்கே திரும்பலாம். வெறும் பி.எஸ்சி.யுடன் சேருபவருக்கோ இந்தப் பட்டம் ஒன்றே பிழைப்பு. எனவே அவர்தான் கடன் விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

டாக்டர் அல்லாதவர்களுக்கு அரசுத் துறையில் கிடைப்பவை பெரும்பாலும் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் வரும் ஒப்பந்த வேலைகள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் சம்பளம் தொடரும். தொண்டு நிறுவனங்களிலும் ஆராய்ச்சித் திட்டங்களிலும் நல்ல வேலைகள் உண்டு. ஆனால் பணம் வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் ஆபத்தும் உண்டு. 2025-ன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல நாடுகளில் சுகாதாரத் திட்டங்கள் நடுவழியில் நின்றன. திட்டம் நிற்கலாம்; வங்கித் தவணை நிற்காது.

இன்னொன்று: கர்நாடகத்தில் கிராமங்களிலும் சேரிகளிலும் இறங்கி வேலை செய்யக் கன்னடம் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. எழுதவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம்

இரண்டு ஆண்டுப் படிப்புக்கு, ஆண்டுக்கு ரூ.2.5 லட்சமாக ரூ.5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. தனி வட்டியாகவே பார்த்தாலும் ரூ.1.25 லட்சம் சேர்ந்து, கடன் ரூ.6.25 லட்சமாகிவிடும்.

இதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் ரூ.8,260, கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ.9.91 லட்சம். பதினைந்து ஆண்டு என்றால் தவணை ரூ.6,716 ஆகக் குறையும், மொத்தமோ ரூ.12 லட்சத்தைத் தாண்டும். தொடக்கச் சம்பளம் ரூ.25,000 என்றால், பத்தாண்டுத் தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மீதியில் பெங்களூர் வாடகை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் நடக்க வேண்டும்.

தவணை சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அதே ரூ.25,000 சம்பளம் தாங்கக்கூடிய கடன் ரூ.3.75 லட்சம்தான். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இதுவே.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் நிலைமை மாறும். முதல் ஆண்டில் மாதம் ரூ.2,083, பிறகு ரூ.4,167 கட்ட வேண்டியிருக்கும். ஆனால் பின்னால் வரும் பத்தாண்டுத் தவணை ரூ.6,608 ஆகக் குறையும். இப்படிக் கட்டுவோருக்குச் சில வங்கிகள் வட்டியிலும் சலுகை தருகின்றன.

கேட்டுப் பெற வேண்டியவை

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. சேரும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. பழைய முறையில் வருமான வரி கட்டுவோர், கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை கழிவு பெறலாம்.

கையெழுத்துக்கு முன்

கடன் பத்திரத்தில் மகனோ மகளோ மட்டுமல்ல, தகப்பனாரும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார். தவணை தவறினால் அவர் பெயரும் கெடும். ஓய்வு பெற இரண்டு, மூன்று ஆண்டுகளே உள்ள தொழிலாளிக்கு இது சிறிய விஷயமல்ல. பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் இந்தக் கடனுக்கே போய்விடக் கூடாது.

ஆகவே கல்லூரி விளம்பரத்தில் காணும் மிக உயர்ந்த சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்ற ஆண்டு அதே படிப்பை முடித்தவர்களில், டாக்டர் அல்லாத நான்கைந்து பேரைத் தேடிப் பிடித்து, முதல் மாதம் கையில் வாங்கியது எவ்வளவு, வேலை ஒப்பந்தமா நிரந்தரமா, எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். அவர்களில் குறைந்த சம்பளம் வாங்குபவரின் வருமானத்தை வைத்தே கடனைத் தீர்மானிக்க வேண்டும். அதில் கட்டுப்படியாகாவிட்டால், இரண்டு ஆண்டு வேலை பார்த்து, கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, கட்டணம் குறைந்த அரசு நிறுவனத்தில் இடத்துக்கு முயல்வது தோல்வியல்ல.

ஊரின் ஆரோக்கியத்தைக் காக்கப் படிக்கும் பிள்ளைகள் நமக்குத் தேவை. அந்தப் படிப்பால் வீட்டின் ஆரோக்கியம் கெடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் கையிலும் இருக்கிறது.