வீட்டிலேயே கார்பன் ஃபின்!

கோவளம், மாமல்லபுரம் கரைகளில் நிற்கும் ஃபைபர் படகுகளைப் போலவே, நீச்சல் வீரர்கள் காலில் மாட்டும் கார்பன் ஃபின்னும் அச்சில்தான் உருவாகிறது. பாதத்துக்கும் தகட்டுக்கும் இடையே வேண்டிய சாய்வில் பிளைவுட் தாங்கி செய்து, மேலே வழுவழுப்பான ஷீட் பொருத்தி மெழுகு பூசினால் அச்சு தயார். கார்பன் துணியைப் பாதப் பக்கம் அதிக அடுக்காகவும், நுனியை நோக்கிக் குறைத்தும் எபாக்ஸி தடவி ஒட்ட வேண்டும். அப்போதுதான் நுனி நன்றாக வளையும்.

இரண்டு ஃபின்னுக்கும் ஒரே அச்சு, ஒரே அடுக்குக் கணக்கு முக்கியம். ஒன்று விறைப்பாக அமைந்தால், நடுக்கடலில் அந்தக் கால் சீக்கிரம் களைத்துவிடும்.

செங்கல்பட்டு வெயிலில் கலவை கப்பிலேயே இறுகிவிடும். அதிகாலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கையுறை அவசியம். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது; முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். முதல் சோதனை நீச்சல்குளத்தில்தான். கடலுக்குத் தனியாகப் போகவே வேண்டாம்!